கதவு எண் மூன்று

கவுன்சிலர் அம்மா பச்சைப் பொத்தானை அமுக்கி, போட்டோவுக்குச் சிரித்து, அந்தச் சிரிப்பை இறக்கி வைத்தும் நாலு நிமிஷம் ஆகிவிட்டது; பெரிய திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னி மறைந்து மின்னி மறைந்து நின்றதே தவிர ஒரு எழுத்துக்கூட வரவில்லை; மேடை ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த வளர்மதிக்கு வந்தது பயமா சந்தோஷமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. கல்யாண மண்டபம் நிறைய ஜனம். கால்வாய்க்கரையில் குடிசை போட்டிருந்து, இடிக்கப்பட்டு, ரெண்டு வருஷம் தகரக் கொட்டகையில் வெந்து, இப்போது அதே இடத்தில் கட்டி முடித்த அடுக்குமாடியில் வீடு வாங்கப்போகிற தொண்ணூற்றாறு குடும்பம். வீடும் தொண்ணூற்றாறுதான், எல்லாருக்கும் உண்டு, அதில் சண்டையில்லை. யாருக்குக் கீழ்த்தளம், யாருக்கு மூணாவது மாடி என்பதுதான் குலுக்கல். லிப்ட் கிடையாது. சீட்டெழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினால் சீட்டை மடிக்கிறவன் மேல் சந்தேகம் என்று போன தடவை நாற்காலி பறந்ததால் இந்தத் தடவை மிஷின். அந்த மிஷினுக்குள் ஓடுகிற புரோகிராமை எழுதியது வளர்மதி. பாங்கில் டோக்கன் கொடுக்கிற பெட்டி செய்யும் சின்னக் கம்பெனி அவளுடையது, அவளுடையது என்றால் அவள் சம்பளம் வாங்குகிறது. மூணாவது வரிசையில், நடைபாதை ஓரமாக, வலது காலை நேரே நீட்டி வைத்துக்கொண்டு, கையில் நாற்பத்தேழு என்று எழுதிய டோக்கனைப் பிடித்தபடி ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார், அவள் அப்பா. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் முதல் எண்ணாவது விழுந்துவிட வேண்டும் என்று திருஞானம் சார் காலையிலிருந்து பத்துத் தரம் சொல்லிவிட்டார். மண்டபத்துக் கடிகாரத்தில் பத்து எட்டு. கோடு மின்னுகிறது. மறைகிறது. பேசு, பேசித் தொலை என்று மனசுக்குள் சொன்னாள், சொன்ன அதே மூச்சில், வேண்டாம், தெரியாவிட்டால் தெரியாது என்றே நில்லு, நீதான் என் செல்லம் என்றும் சொன்னாள்.

பெட்டி ஏன் ஊமையாகிவிட்டது என்று அந்த மண்டபத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான், தெரிந்ததால்தான் அந்தப் பயமும் சந்தோஷமும். புரோகிராமுக்குத் தானாகக் குலுக்கத் தெரியாது. சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிறவி அது, குருட்டாம்போக்கு என்பதே அதன் ரத்தத்தில் இல்லை. அதனால் அது கீழே இருக்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்: அய்யா, யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத முப்பத்திரண்டு பைட் கொடு. ஒரே ஒரு வரி, ஒரே ஒரு கூப்பாடு. ஆபரேட்டிங் சிஸ்டம் தன்னிடம் ஒரு பானை வைத்திருக்கிறது. வெளியுலகத்திலிருந்து வருகிற ஒவ்வொரு இடைஞ்சலுக்கும், ஒரு விசை தட்டினால், மவுஸ் அசைந்தால், நெட்டில் ஏதாவது வந்து மோதினால், அது எந்தக் கணத்தில் வந்தது என்பதில் இருக்கிற கடைசிப் பொடி நேரத்தை, வினாடியின் லட்சத்தில் ஒரு பங்கை, ஒரு சொட்டாகப் பானையில் விட்டுக்கொள்ளும். பானை போதுமான அளவு நிறையாத வரை கேட்டவனுக்குப் பதில் கிடையாது, வாசலில் நிற்க வேண்டியதுதான். காத்திருக்க முடியாது, இருப்பதைக் கொடு என்று கேட்கவும் வழியுண்டு, அந்த வரியில் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், அவள் சேர்க்கவில்லை. அவள் மேஜைக் கம்ப்யூட்டரில் நேற்றுச் சாயங்காலம் அஞ்சு நாற்பதுக்குச் சோதித்தபோது கண்ணிமைக்குமுன் பதில் வந்தது, வராதா பின்னே, மவுசும் நெட்டும் நாளெல்லாம் அதன் பானையை நிரப்பிக்கொண்டிருந்தன. ஆறு மணிக்கு ஜனங்களின் அஞ்சு பிரதிநிதிகள் முன்னால் பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து எவனும் கைவைக்கக் கூடாதென்று நெட்டைப் பிடுங்கியாச்சு, மவுசும் இல்லை, கீபோர்டும் இல்லை. பச்சைப் பொத்தானின் ஒயர் புரோகிராமுக்கு நேராகப் போகிறது, அதை எத்தனை அமுக்கினாலும் பானைக்குச் சொட்டுக்கூடச் சேராது. பெட்டியில் இருக்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் பழைய லினக்ஸ் வேறு, புதுசாயிருந்தால் தானே ஏதாவது துழாவி நிரப்பிக்கொள்ளும். யாரும் கைவைக்காத பெட்டிக்கு, யாரும் கைவைக்காததாலேயே, ஒன்றும் தெரியவில்லை. அடி வளர்மதி, பெட்டியை அணைத்துப் போட்டு ஒரு தரம் பார்த்திருக்கக் கூடாதா, அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பது உனக்குத்தானா எழுதியிருக்கிறது. நேரம் எங்கே இருந்தது. இருபது நிமிஷம் இருந்தது. இருபது நிமிஷத்தையும் அந்த ஒரு வரியைப் பெட்டியில் ஏற்றலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்து தின்றுவிட்டாள், அதுதான் நிஜம்.

ஏற்றலாமா வேண்டாமா. அங்கே போய்த்தான் மனசு மறுபடி மறுபடி மாட்டுகிறது, முள்ளில் புடவை மாட்டுகிற மாதிரி. பழைய வரி இப்படி இல்லை. பழைய வரியில் கடிகாரத்தைப் பார்த்து, இப்போது மணி என்னவோ அதை விதையாக, குலுக்கலின் தொடக்க எண்ணாகப் போட்டுக் குலுக்கச் சொல்லியிருந்தாள், காலேஜில் முதல் வருஷம் சொல்லிக்கொடுத்தபடி. போன வாரம் ஒத்திகை. எல்லாரும் பட்டியலில் தொண்ணூற்றாறும் வருகிறதா, ஒரு வீடு ரெண்டு பேருக்குப் போகிறதா என்று பார்த்தார்கள். அவள் கண் நாற்பத்தேழைத் தேடியது, தேடாதா, பெற்ற அப்பன் இல்லையா. நாற்பத்தேழு, கதவு எண் மூன்று. கீழ்த்தளம், வாசலுக்குப் பக்கத்தில், குழாய்க்கு நேரே. ஒத்திகைதானே என்று சொல்லிக்கொண்டாலும் அன்றைக்கு மதியம் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். மறுநாள் ஒத்திகை. நாற்பத்தேழு, மூன்று. உடம்பு புல்லரித்துவிட்டது, அம்மனே கண் திறந்துவிட்டாள் என்று நினைத்தாள், நினைத்ததை இப்போது நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. மூன்றாம் நாளும் மூன்று என்றதும் புல்லரிப்பு போய் வியர்த்தது. ஒரு தரம் விழுந்தால் அதிர்ஷ்டம், மூன்று தரம் விழுந்தால் பிழை. பெட்டிக்குள் இருக்கிற போர்டில் பாட்டரி கிடையாது, கரண்டு போனால் அதற்கு நாள் மறந்துபோகும், ஒவ்வொரு தடவை போடும்போதும் அது ஒரே நாளில் ஒரே நேரத்தில் பிறந்து, பிறந்த அதே பதினேழாவது வினாடியில் விதையை எடுக்கிறது. பச்சைப் பொத்தான் வெறும் திரை திறக்கத்தான். ஒரே விதை, ஒரே பட்டியல். நல்ல நேரம் பார்த்து அமுக்கினாலும் எமகண்டத்தில் அமுக்கினாலும் நாற்பத்தேழுக்கு மூன்றுதான். இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. திருஞானம் சாருக்குத் தெரியாது, ஒவ்வொரு ஒத்திகையிலும் அவர் டோட்டலைத்தான் பார்த்தார். முதலாளியிடம் வேலை எடுக்கும்போதே சொல்லிவிட்டாள், எங்க அப்பா பேரு லிஸ்டில் இருக்கு சார் என்று. அவர் சிரித்தார், பொட்டிக்கு உங்க அப்பாவைத் தெரியுமா, தெரியாதில்ல, அப்புறமென்ன என்றார். தெரிந்திருந்தது சார், பொட்டிக்கு எங்க அப்பாவை நன்றாகத் தெரிந்திருந்தது.

"என்னம்மா ஆச்சு?" திருஞானம் சார் காதோரம் குனிந்தார். ஒதுக்கீட்டு அலுவலகத்தில் இந்தக் குலுக்கலுக்குப் பொறுப்பு அவர். நல்ல மனுஷன், ரிட்டயர் ஆக எட்டு மாசம், நாற்காலி பறந்த அன்று நெற்றியில் வாங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது. "கொஞ்சம் நேரம் எடுக்குது சார்." "எவ்வளவு கொஞ்சம்? ஜனங்க முணுமுணுக்குது பாரு. ஒத்திகையில டக்குனு வந்துச்சே." "நேத்து ஒரு வரி மாத்தினேன் சார்." அவர் நிமிர்ந்தார். "மாத்துனியா? சீல் வைக்கிற அன்னைக்கு எதுக்கும்மா மாத்துன?" எதுக்கென்று சொல்ல வாய் திறந்தாள், வேறு வந்தது. "இன்னும் நல்லாக் குலுக்கறதுக்கு சார்." "நல்லாத்தானே குலுக்குச்சு. பழசு உள்ளதான இருக்கு? அதைப் போட்டு வுடு. ஒரு கீபோர்டு கொண்டாரச் சொல்றேன், மண்டபத்து ஆபீஸ்ல இருக்கும், பிரதிநிதிங்ககிட்ட நான் சொல்லிக்கறேன்." சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். போட்டு வுடு. பழம் நழுவிப் பாலில் விழுந்தது, பால் நழுவி வாயில் விழ வேண்டியதுதான் பாக்கி. அவள் கேட்கவில்லை, அதிகாரியே சொல்கிறார், கீபோர்டையும் அவரே கொண்டுவந்து கொடுக்கப்போகிறார். பழைய புரோகிராம் பெட்டிக்குள் அதே மெமரி கார்டில் இருக்கிறது, அழிக்க மனசு வராமல் விட்டுவைத்தது, அழிக்க ஏன் மனசு வரவில்லை என்று நேற்று ராத்திரி பூரா கேட்டுக்கொண்டது. கன்ட்ரோலும் சியும் சேர்த்து ஒரு தட்டு, காத்து நிற்கிற புரோகிராம் செத்துப்போகும். அஞ்செழுத்தில் பழசின் பெயர், ஒரு என்டர். நாற்பத்தேழு, மூன்று. அப்பாவுக்கு வலது முட்டி தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசுகிறது, முப்பது வருஷம் துறைமுகத்தில் மூட்டை தூக்கின முட்டி, கக்கூசுக்குப் போக ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் தொடையைத் தூக்கி வைக்கிறார். ஊனமுற்றோர் சான்றிதழ் இருந்தால் குலுக்காமலே கீழ்த்தளம் கிடைத்திருக்கும். நாற்பது சதவீதம் வேண்டும், ஆஸ்பத்திரியில் முப்பத்தஞ்சு என்று எழுதினார்கள். அந்த அஞ்சு சதவீதத்தைக் கடவுள் கடிகாரத்துக்குள் ஒளித்துவைத்துக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொண்டால் என்ன தப்பு. யாருடைய வீட்டையும் பிடுங்கவில்லை, எல்லாருக்கும் வீடு உண்டு. ஆனால் மூன்று யாருக்கோ வர வேண்டியது, யாருக்கு என்று பெட்டிக்கும் தெரியாது, அந்தத் தெரியாததுதான் இங்கே தொண்ணூற்றாறு பேர் பட்டுப் புடவையும் இஸ்திரிச் சட்டையும் போட்டுக்கொண்டு வந்து கேட்கிற சாமான். அதைத் திருடிக்கொண்டு போய் அப்பாவுக்குக் கட்டில் போடுவதா. அப்பாவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அவர் வீட்டு வாசலில் செருப்பை விடும் ஒவ்வொரு தடவையும் தெரியும்.

கீபோர்டு வந்தது, கறுப்பு, எண்ணெய்ப் பிசுக்கு, எஸ் எழுத்து தேய்ந்து போனது. துளையில் சொருகியதும் வளர்மதியின் கை ரெண்டும் தானாக அதன் மேல் போய் உட்கார்ந்தன, இருபது வருஷப் பழக்கம், கைக்கு வெட்கம் மானம் இருக்கிறதா என்ன. இடது சுண்டு விரல் கன்ட்ரோலைத் தொட்டது. தொட்ட விரலைத் திரையில் யாரும் பார்க்க முடியாது, அவள் பார்த்தாள். பத்து பதிமூணு. அப்போது ஆட்டோ டில்லிபாபு எழுந்து நின்றான், அஞ்சு பிரதிநிதிகளில் ஒருத்தன், எண்பத்தொன்று அவன் டோக்கன், முப்பது வயசு, மாடிப்படியை ரெண்டு ரெண்டாகத் தாண்டுகிற கால். "சார், சீல் வச்ச பொட்டிக்கு இன்னாத்துக்கு கீபோர்டு? அக்கா மேல நமக்கு டவுட்டு இல்ல, ஆனா அக்கா அப்பாவும் நம்பர் வச்சிகினு குந்திகினு இருக்காரு. ஜனம் கேக்குமா கேக்காதா?" மண்டபம் முழுக்க அந்தப் பேச்சு ஒரு சுற்று சுற்றி வந்தது. ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார், டோக்கனை மடியில் கவிழ்த்து வைத்தார், அது அவள் கண்ணில் பட்டது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள், கனம் இப்போது சுண்டு விரலில் இருந்தது, அவ்வளவு கனம். விரலை எடுத்தாள். எடுத்ததும் லேசாகி, லேசானதில் சிரிப்பு வந்து, மைக்கைப் பிடித்தாள். "டில்லி கேட்டது சரி. இந்த பொட்டி எதுக்கு சும்மா இருக்குன்னா, அதுக்கு இன்னும் தெரியல. யாருக்கு எந்த வீடுன்னு யாராலயும் சொல்ல முடியாத மாதிரி குலுக்கணும்னா, அதுக்கு வெளிய இருந்து கொஞ்சம் கலக்கம் வேணும். நான் கலக்கினா நீங்க நம்பக் கூடாது. நீங்களே வாங்க. ஒவ்வொருத்தரா வந்து இந்த கீபோர்டுல எதையாவது தட்டிட்டுப் போங்க. நான் கையைக் கட்டிக்கினு அந்தாண்ட நிக்கறேன்." திருஞானம் சார் அவள் முழங்கையைப் பிடித்தார், "பழசு?" என்றார் மெதுவாக. "பழசு தப்பு சார். தினமும் ஒரே லிஸ்டு குடுத்துச்சு. அப்புறமா எழுத்துல எழுதித் தரேன்." அவர் அவளைப் பார்த்தார், மூணாவது வரிசையைப் பார்த்தார், நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டார், பிறகு தானே மேடையின் படிப் பக்கம் போய் நின்று வரிசையில் வரச் சொல்லிக் கையை ஆட்டினார்.

முதலில் வந்தது கோட்டீஸ்வரி, மீன் விற்கிறவள், எதற்கும் முதலில் வருகிறவள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "எதைம்மா அமுக்க?" என்றாள். எதையாவது அமுக்குங்கக்கா என்றாள் வளர்மதி, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. கோட்டீஸ்வரி கீபோர்டைத் தராசு முள்ளைப் பார்ப்பது போல உற்றுப் பார்த்தாள், ஒன்றைத் தேடி அமுக்கினாள், அப்புறம் ஒன்பதைத் தேடி அமுக்கினாள். திரையில் பத்தொன்பது என்று விழுந்தது, அவள் டோக்கன் எண். அவ்வளவுதான், ஜனம் புரிந்துகொண்டுவிட்டது, தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டது: தன் நம்பரைத் தானே போட வேண்டும், ஓட்டுப் போடுகிற மாதிரி. அடுத்தவர் அறுபத்திரண்டு. அடுத்தவர் ஏழு. ஒருத்தி எட்டைத் தேடுகையில் பின்னால் நிற்கிறவர் சொல்லிக்கொடுக்க, நீ சும்மா இரு, என் நம்பரு நான் போடறேன் என்று முறைத்துவிட்டு அமுக்கினாள். நம்பரா முக்கியம் என்று வளர்மதிக்குச் சிரிப்பு பொங்கியது, கண்ணும் கூடவே பொங்கியது. எந்த விசை என்பதில் என்ன இருக்கிறது, எப்போது என்பதில்தான் சூட்சுமம். கோட்டீஸ்வரி ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் எத்தனை நேரம் தடுமாறினாள் என்பது கோட்டீஸ்வரிக்கே தெரியாது, உலகத்தில் எவனுக்கும் தெரியாது, அந்தத் தடுமாற்றத்தின் கடைசிப் பொடிதான் பானைக்குப் போகிற சொட்டு. ரெண்டு வருஷம் தகரத்தின் கீழ் வெந்த பயம், கீழ்த்தளம் கிடைக்குமா என்ற நப்பாசை, விரல் நடுக்கம், வெற்றிலைக் காம்பு கிள்ளின தழும்பு, எல்லாம் வினாடியின் லட்சத்தில் ஒரு பங்காகப் பொடிந்து உள்ளே போகிறது. புத்தகத்தில் படித்தது வேறு, இதோ கண்ணெதிரே வரிசையில் நின்று ஊற்றுகிறார்கள். ஓடிப்போய் ஒவ்வொருத்தர் கையையும் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. யோசிங்க, நல்லா யோசிங்க, அவசரப்படாதீங்க, நீங்க தயங்கத் தயங்கத்தான் நல்லது என்று கத்த வேண்டும் போல இருந்தது. டில்லிபாபு வந்தான், எட்டையும் ஒன்றையும் ஹாரன் அடிக்கிற வேகத்தில் தட்டிவிட்டு அவளைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தான். பத்து பத்தொன்பது. திரையில் பத்தொன்பதும் அறுபத்திரண்டும் ஏழும் எண்பத்தொன்றும் இடைவெளி இல்லாமல் ஒரே நீள எண்ணாக வளர்ந்தது, தொண்ணூற்றாறு பேருக்கும் சேர்த்து ஒரே கதவு எண் மாதிரி. கோடு இன்னும் அதன் கடைசியில் நின்று மின்னிக்கொண்டிருந்தது.

ஏகாம்பரம் எழுந்துவிட்டார். உட்காருங்க நைனா, நீங்க வரவேண்டாம் என்று கையைக் காட்டப் போனாள், கை பின்னால் கட்டியிருந்தது, அவிழ்க்கக் கூடாது, தலையைத்தான் ஆட்ட முடிந்தது. அவர் பார்க்கவில்லை, பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருப்பார், அந்த வீம்பு தெரியாதா. மேடைக்கு நாலு படி. முதல் படியில் இடது காலை வைத்து, கம்பியைப் பிடித்து, வலதை இழுத்துக்கொண்டு ஏறினார். ரெண்டாவது படியில் நின்றார். நாலு படிக்கு இந்தப் பாடு என்றால் மூணாவது மாடிக்கு அம்பத்தி நாலு படி, அவள் எண்ணியிருக்கிறாள், கட்டிடம் முடிந்த அன்றே போய் எண்ணினாள். சாரைக் கூப்பிடு, இப்போதுகூடக் கூப்பிடலாம், நெஞ்சு வலி என்று உட்கார், கலைத்துவிடு எல்லாத்தையும், திங்கள்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே ஒருத்தி அழுதாள், இன்னொருத்தி மூணு, மூணு, மூணு என்று எண்ணிக்கொண்டே இருந்தாள். ஏகாம்பரம் மேலே வந்துவிட்டார், மூச்சு வாங்கியது, பீடி நாற்றமும் தைல நாற்றமும் அவளுக்குப் பழகின நாற்றமும் அடித்தது. மகளைப் பார்க்கவே இல்லை. கீபோர்டைப் பார்த்தார். விரல் நாலின் மேல் போய் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது, அமுக்கவில்லை. விரல் நாலை விட்டு நகர்ந்தது, ஏழின் பக்கமும் போகவில்லை, கீழே இறங்கி, ஒரு எழுத்தும் எழுதாத நீளக் கட்டையை, வெற்றிடம் மட்டும் போடுகிற அந்தக் கட்டையை, ஒரே ஒரு தரம் அமுக்கியது. திரையில் ஒன்றும் விழவில்லை, கோடு ஓர் எழுத்து தள்ளி நின்றது, அவ்வளவுதான். "உன் நம்பரைப் போடலையா ஏகாம்பரம்?" என்றார் திருஞானம் சார். "பொண்ணு இருக்குற மேடை சார். நம்ம நம்பரு நம்ம கையால வேணாம்." சொல்லிவிட்டு, இறங்குவதுதான் ஏறுவதைவிடக் கஷ்டம் என்பதால், மேடையிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வளர்மதி கூரையைப் பார்த்தாள். போன வாரக் கல்யாணத்தின் ஜிகினாத் தாள் ஒன்று மின்விசிறியில் சுற்றிக்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், கீழே பார்த்தால் அழுதுவிடுவாள்.

அவர் தட்டியதும் வந்துவிடவில்லை. வந்திருந்தால் ஊர் வேறு பேசியிருக்கும். அப்புறமும் ஆறேழு பேர் தட்டினார்கள், கவுன்சிலர் அம்மா தானும் வந்து மோதிர விரலால் எதையோ தட்டினார், தையல்கார அம்மா ஒருத்தி அஞ்சைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, பத்து இருபத்தாறுக்கு, பானை நிறைந்தது என்று ஆபரேட்டிங் சிஸ்டம் ஒற்றை வரி எழுதியது, அது எழுதி முடிக்குமுன் வாசலில் இருபத்திரண்டு நிமிஷம் நின்ற அந்தக் கூப்பாடு பதிலோடு திரும்பி வந்தது, வந்த வேகத்தில் தொண்ணூற்றாறு வரியும் திரையில் கொட்டியது. மண்டபம் எழுந்து நின்றுவிட்டது. வளர்மதியும் நின்றாள், கால் தரையில் இல்லை, வந்துருச்சு வந்துருச்சு என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள், அது பேசிவிட்டது, யாரும் சொல்லிக்கொடுக்காததைப் பேசிவிட்டது. ஒரு வாரமாக நெஞ்சில் சுமந்த பட்டியல் இதுவல்ல, முதல் வரியே வேறு, ரெண்டாவது வரியும் வேறு, அவளுக்குத் தெரிந்த ஒன்றுகூட அதில் இல்லை. மூன்றாவது வரியில் கண் தானாக நின்றது. கதவு எண் மூன்று, டோக்கன் எண்பத்தொன்று. டில்லிபாபு. மாடியை ரெண்டு ரெண்டாகத் தாண்டுகிறவனுக்குக் கீழ்த்தளம், அவன் நாற்காலி மேலேறி நின்று துண்டைச் சுழற்றினான், சுழற்றட்டும், பாவம், அவனுக்கும் சந்தோஷம் இருக்காதா. கோட்டீஸ்வரிக்கு முதல் மாடி. கண் இறங்கியது, இருபது, நாற்பது, எழுபது, எங்கேயும் நாற்பத்தேழைக் காணோம், தொண்ணூறாவது வரியில் இருந்தது. கதவு எண் தொண்ணூறு. மூணாவது மாடி. படித்தாள், திரும்பப் படித்தாள், சந்தோஷம் அப்படியேதான் இருந்தது, அதன் நடுவில் ஒரு ஓட்டை விழுந்திருந்தது. அஞ்சு வருஷம் வீட்டை மாற்றிக்கொள்ளக் கூடாது என்று விதி.

அப்பாவின் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவருக்குத் தூரப் பார்வை சரியில்லை, திரையை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வந்திருக்குது?" "தொண்ணூறு நைனா. மூணாவது மாடி." தலையை ஆட்டினார். "நடுவுல குந்த எடம் வுட்டுக்கிறானா?" "ஒம்பது படிக்கு ஒரு திருப்பம் இருக்கு. அங்க குந்தலாம்." "மொத்தம் எத்தினி?" "அம்பத்தி நாலு." விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "அஞ்சு தரம் குந்தி எந்திரிச்சா வூடு. ஒரு பீடி நேரம்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்து, "மதி, அல்லாரும் என்னைத்தான் கேப்பானுங்க. நெசமா சொல்லு, உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார். தெரியாது என்பது நிஜம்தான், அதைச் சொன்னால் போதும், பெட்டி இருபத்திரண்டு நிமிஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. "இது தெரியாது நைனா," என்றாள், அங்கே நிறுத்த முடியவில்லை. "நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்தது தெரியும். அது தப்பான குலுக்கல். நான்தான் மாத்துனேன்." "அதுல எனக்கு இன்னா வந்துச்சு?" "மூணு." "கீழயா?" "கீழதான். கொழாய்க்கு எதிர்ல." ஏகாம்பரம் தயங்கினார், நீளமான தயக்கம், அதை அப்படியே பிடித்துப் பெட்டியில் ஊற்றியிருந்தால் பானை அப்போதே நிறைந்திருக்கும். மேடைக்குக் கீழே டில்லிபாபுவைத் தோளில் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அதைப் பார்த்தார், முட்டியைத் தடவினார், டோக்கனை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "மாத்துனது சரி. அதை எங்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்ல," என்றார். "இப்பத்தான் முட்டி வலிக்குது." சொல்லிவிட்டுச் சிரித்தார், பீடிக்கறைப் பல் எல்லாம் தெரிய, சிரிக்கும்போதே கையை நீட்டினார், அவள் முதுகுக்குப் பின்னால் இன்னும் கட்டியிருந்த கையை அவிழ்த்துக் கொடுத்தாள். பத்தரை தாண்டிவிட்டது, ராகு காலம். "வா, அந்தப் படியைப் பாத்துட்டு வரலாம்," என்றார். ரெண்டு பேரும் மேடையின் நாலு படியை ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கினார்கள்.